உடைக்கக் கூடாத பை

இந்தக் காலத்துச் சனத்துக்கு எதைக் கொடுத்தாலும் பத்திரமாகத் தூக்கி வைக்கத்தான் தெரியும். கொடுத்தவன் வந்து பார்க்கும்போது புத்தம் புதிதாக இருக்க வேண்டுமாம். பாவிக்கத் தந்த சாமானைப் பாவித்தால் களவெடுத்தவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

புதுக்குடியிருப்புச் சந்தையில் நானும் றோஸ்மேரியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து மீன் விற்கிறோம். போன மாதம் ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து கம்சா என்ற பிள்ளை வந்தது. விபத்து, வெள்ளம், தீ என்று அரைநாள் வகுப்பு எடுத்துவிட்டு, வரிசைக்கு ஒன்றாகச் சிவப்புப் பை தந்தது. இடுப்பில் கட்டுகிற சின்னப் பை. உள்ளே பஞ்சு, பண்டேஜ், கத்தரிக்கோல், டோர்ச், விசில்.

"ஒராள் எப்பவும் இடுப்பில கட்டியிருக்க வேணும்" என்று மூன்று தரம் சொன்னது.

எங்கள் வரிசைக்குப் பொறுப்பு இறால் விற்கிற சுதாகரன். அவன் கட்டவில்லை. மீன்தண்ணி படுமாம். பொலித்தீன்கூடக் கழற்றாமல் தராசுக்கு மேலே ஆணியில் கொழுவிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை றோஸ்மேரி பாரை மீன் வெட்டும்போது கத்தி வழுக்கியது. இடது கை பெருவிரலடியில் பிளந்துவிட்டது. பலகை முழுக்க இரத்தம். அந்தக் கையால் மீனைப் பிடித்து வெட்டாவிட்டால் அவளுக்குச் சோறில்லை. உழைத்துக் கொடுக்க வீட்டில் வேறு ஆளும் இல்லை.

"அண்ணை, விரல் மடங்குதில்லை அண்ணை!"

"பையை எடு தம்பி!" என்று கத்தினேன்.

சுதாகரன் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஐயா, திங்கக்கிழமை அவை பாக்க வருவினம். உடைச்சிருந்தா அடுத்த சாமான் தரமாட்டினம். முந்தி வலை தந்த ஆக்களும் அப்பிடித்தானே செய்தவை?"

"அதுக்கு இவளின்ரை கையை விடுறதோ?"

"ஓட்டோவுக்குச் சொல்லியாச்சு. அது வருமட்டும் ஒரு துணியாலை..."

"மீன் துடைச்ச துணியாலையோ? உன்ரை கையெண்டா அதாலை கட்டுவியோ?"

நானே எட்டி இழுத்தேன். பொலித்தீனைப் பல்லால் கிழித்தேன். பஞ்சை வைத்து அழுத்தி, பண்டேஜை இறுக்கிச் சுற்றினேன். இதை எனக்கு எந்த வகுப்பும் படிப்பிக்கவில்லை. முள்ளிவாய்க்காலில் காயக்காரருக்கு இடுப்புச் சாரத்தைக் கிழித்துக் கிழித்துக் கட்டிய கை இது. அன்றைக்கு இப்படி ஒரு பண்டேஜ் கிடைத்திருந்தால் நான் ஆணியில் கொழுவியிருப்பேனா?

ஓட்டோவில் ஏறும்போதும் றோஸ்மேரி, "என்ரை பாரையை மலிவா வித்துப்போடாதேங்கோ அண்ணை" என்றாள்.

ஒன்பது தையல். விரல் மடங்கும், ஆனால் இரண்டு மாதம் செல்லும் என்றார்களாம்.

திங்கட்கிழமை கம்சா வந்தது. சுதாகரன் முந்திக்கொண்டு ஓடினான். "மிஸ், நான் உடைக்கேல்லை. பஸ்தியாம்பிள்ளை ஐயாதான்."

அந்தப் பிள்ளை இரத்தக்கறைப் பையை வாங்கிப் பார்த்தது. "இதுக்குத்தானே தந்தனாங்கள்! நல்ல வேலை செய்திருக்கிறீங்கள் ஐயா" என்றது. புதுப் பை ஒன்றைக் கொடுத்துச் சுதாகரனைக் கட்டச் சொன்னது. கட்டினான். படமும் எடுத்தது.

"இனிக் கழட்டமாட்டினம் ஐயா."

"நீர் போய்ச் சந்தி தாண்டும் மட்டும்தான் பிள்ளை" என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. அவைக்கு இப்ப விளங்கியிட்டுது."

"ஓம் மிஸ், நல்லா விளங்கியிட்டுது" என்றான் சுதாகரன். தண்ணி தெறிக்காமல் இருக்க இறால் பெட்டியை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு சொன்னான்.

நான் மிச்ச மீனை ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, வார்டில் கிடக்கிற றோஸ்மேரியைப் பார்க்க ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தேன்.