அண்ணன் போட்ட பெல்ட்

பெல்ட் இல்லாத காரில் என் செருப்பைக்கூட ஏற்ற மாட்டேன் என்று தங்கை சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. சும்மா வாய்ச்சவடால் இல்லை, சொன்னதைச் செய்தும் காட்டினாள். அவள் கணவர் அந்த அறுபது வருஷத்துப் பழைய காரை வாங்கி வந்த நாளிலிருந்து, ஒரே கல்யாணத்துக்குப் புருஷன் காரிலும் பெண்டாட்டி பஸ்ஸிலுமாகப் போய் இறங்கிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. அவள் தபால்காரி. நாளெல்லாம் தெருத்தெருவாக நடக்கிறவளுக்கு பஸ் ஸ்டாப் வரை நடப்பது ஒரு பொருட்டா?

அவளுடைய அண்ணனை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுவதில் சூரர். அவர் முடுக்கிய போல்ட் தானாகக் கழன்றதாகச் சரித்திரமே இல்லை. வேலை சுத்தம்தான், யார் இல்லையென்றது? திறக்க வேண்டிய நேரத்தில் வாய் திறக்கவில்லையே, அங்கேதான் வந்தது வினை.

ஒரு புதன்கிழமை காலையில் தங்கையின் கணவர் காரைக் கொண்டுவந்து ஸ்பேனரின் பட்டறையில் நிறுத்தினார். கையில் பிரிக்காத பெட்டி ஒன்று. உள்ளே புத்தம்புது சீட் பெல்ட் இரண்டு.

"மச்சான், ஞாயித்துக்கிழமை பழைய கார் ஊர்வலம் இருக்கு. முன் சீட் ரெண்டுலயும் பெல்ட் இல்லைன்னா வண்டியச் சேக்க மாட்டாங்களாம். சனிக்கிழமைக்குள்ள மாட்டிக் குடுத்துடுங்க."

ஸ்பேனர் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தார். ஓட்டுகிறவர் பக்கம் தரைத் தகடு பரவாயில்லை. பக்கத்து இருக்கையின் பக்கம்தான் கதை கந்தலாக இருந்தது. முன் கண்ணாடியின் ரப்பர் வழியாக எத்தனை வருஷ மழையோ இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் ஊறிப்போயிருந்தது. எந்தப் புண்ணியவானோ அதன்மேல் மெல்லிய தகரத்தை ஒட்டித் தார் பூசி மூடியிருந்தான். ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாகத்தான் அழுத்தினார். கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது.

"மாப்ள, இங்க வந்து பாருங்க. இது தரையே இல்ல, வெறும் துருப் பொருக்கு."

"அதான் மேல கார்பெட் மூடியிருக்கே மச்சான்."

"பெல்ட்டக் கார்பெட்டா பிடிச்சு நிறுத்தும்? வண்டி எதுலயாவது போய் முட்டுச்சுன்னா, உக்காந்திருக்கற ஆளோட கனம் இருபது முப்பது மடங்காகி இழுக்கும். இத அறுத்து எறிஞ்சுட்டுப் புதுத் தகடு வெல்டு பண்ணணும். அடியில உள்ளங்கை அகலத்துக்குத் தடிமனான இரும்புத் தட்டு வைக்கணும். அதுலதான் போல்ட்ட முடுக்கணும். ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரமா!" மாப்பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. "இந்த ஒரு தடவ பார்வைக்கு மாட்டி விடுங்க மச்சான். திங்கக்கிழமை காலைல வண்டிய இங்கயே விட்டுடறேன். அந்த சீட்ல ஒரு ஈ காக்காயக்கூட ஏத்த மாட்டேன், சத்தியமா."

"பாப்பாவ?" தங்கையை அவர் இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

"அவளா? கெஞ்சிக் கூப்பிட்டாலும் வர்ற ஆளா அவ?"

அதுவும் சரிதான் என்று ஸ்பேனருக்கும் சிரிப்பு வந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "எதுக்கும் அவ காதுலயும் ஒரு வார்த்தை போட்டு வைக்கறேன்" என்றார்.

"ஐயோ, வேண்டவே வேண்டாம். தரை ஓட்டைன்னு தெரிஞ்சா வண்டிய வித்துட்டு மறுவேலை பாருன்னு நிப்பா. வீடு ரெண்டாயிடும். நமக்குள்ள இருக்கட்டும் மச்சான்."

நமக்குள்ளாம்! ஒருத்தியின் உயிர் விஷயத்தை இரண்டு ஆண்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். அவளுக்குப் பெற்றோர் போன பிறகு அப்பா ஸ்தானத்தில் நின்ற அண்ணன் ஒருவர், தாலி கட்டிய புருஷன் ஒருவர். கேட்கிற நமக்குத்தான் வயிறு எரிகிறது, அவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு.

ஸ்பேனர் மாட்டினார். பொருக்கின் மேல் புதுத் தகரம் ஒன்று, அதற்கு மேலும் கீழும் பெரிய வாஷர்கள், நடுவில் போல்ட். பழக்கதோஷம், கடைசிச் சுற்று வரைக்கும் முடுக்கித்தான் விட்டார். மேலே தார் பூசிக் கார்பெட்டை இழுத்துவிட்டதும், கம்பெனியிலிருந்தே அப்படி வந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவரே காரைத் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார். வேலை முடிந்து அப்போதுதான் வந்த தங்கை, தோளில் கிடந்த தபால் பையைக்கூட இறக்காமல் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். வெடுக்கென்று முன்னால் சாய்ந்து பார்த்தாள். பெல்ட் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, நீயே மாட்டுனதா?"

"ஆமா."

"அப்ப சரி. இனிமே இத வண்டின்னு ஒத்துக்கறேன்."

ஸ்பேனர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணைக் காட்டினார். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு ஸ்பேனர் வீட்டுக்கு நடந்தார். மறுநாள் காலையில் போனை எடுத்தார். எண்ணை அழுத்தப் போனவர், மாப்பிள்ளைதான் சத்தியம் செய்திருக்கிறாரே என்று கீழே வைத்துவிட்டார்.

அன்று பதினொரு மணிக்கு, ஊர்வலத்துக்கு நடுவே புகுந்து முன்னால் போன ஒரு லாரி சடாரென்று நின்றது. பழைய காரின் பிரேக் அப்படி உடனே பிடிக்கிற ஜாதி இல்லை, லாரியின் பின்னால் போய் மோதியது. வேகமும் ஒன்றும் பிரமாதமில்லை, நாற்பதுக்குள்தான். ஓட்டிய மாப்பிள்ளையின் பெல்ட் தாங்கியது, அவருக்குத் தோள்பட்டை எலும்பில் ஒரு விரிசலோடு போயிற்று. பக்கத்து இருக்கையின் பெல்ட் தரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது, இருக்கையும் கூடவே வந்தது. தங்கைக்கு முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று மூன்றாம் நாள் டாக்டர் சொல்லிவிட்டார்.

காரை இழுத்துப் போட்டிருந்த இடத்துக்கு ஸ்பேனர் தனியாகப் போய்ப் பார்த்தார். பெல்ட்டின் நுனியில் அவருடைய போல்ட் அப்படியே இருந்தது. வாஷர், நட்டு எதுவும் ஒரு இம்மிகூட நகரவில்லை. அவற்றோடு சேர்ந்து துருப்பிடித்த தரையின் ஒரு துண்டும் தொங்கியது. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரியில் தங்கை கழுத்துப் பட்டையோடு மல்லாந்து கிடந்தாள். தலையை அசைக்க முடியாது, கூரையைப் பார்த்தபடியேதான் பேச்சு. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கண்ணன் அந்த பெல்ட்டப் போடலைன்னா என்னை ரோட்லதான் பொறுக்கியிருக்கணும். உசுரு இருக்கறதே அவனாலதான்."

கேட்கக் கேட்க ஸ்பேனருக்குச் செருப்பால் அடிப்பது போலிருந்தது. வெளியே வராந்தாவில் மாப்பிள்ளை, கழுத்திலிருந்து தொட்டில் கட்டிய கையோடு வழி மறித்தார். "மச்சான், நடந்தது நடந்துபோச்சு. உங்களாலதான் பொழைச்சேன்னு நிம்மதியா இருக்கா. அந்த நிம்மதியையும் பிடுங்கணுமா? சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

ஸ்பேனர் அவரை விலக்கிவிட்டு உள்ளே போனார். மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார்.

"பாப்பா, அந்த பெல்ட் உன்னைக் காப்பாத்தலைடா" என்று ஸ்பேனர் ஆரம்பித்தார். துரு, தகரம், தார் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

"தெரியாமப் பண்ணிட்டியா அண்ணே?" என்று கேட்டாள். தெரியாமல்தான் என்று அண்ணன் சொல்லிவிட வேண்டுமே என்கிற ஆசை அந்தக் குரலில் இருந்தது.

"தெரிஞ்சுதான் பண்ணுனேன். தரை துருன்னு மாப்ளகிட்டச் சொன்னேன், அந்த சீட்ல யாரையும் ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணுனாரு, அத நம்பித்தான் மாட்டுனேன்."

"ஏங்க, அப்புறம் ஏன் என்னை ஏத்துனீங்க?" என்றாள் கூரையைப் பார்த்தபடி.

"நீயா வந்து உக்காந்தே" என்றார் மாப்பிள்ளை. குரல் உடைந்துவிட்டது. "மூணு வருஷத்துல மொத தடவ. எறங்குன்னு சொல்ல எனக்கு மனசே வரல. ஊர்வலம்தானே, மெதுவாத்தானே போகப்போறோம்னு நெனைச்சேன்."

"அண்ணே, நீ அவர்கிட்டச் சொன்னே. உக்காரப்போறவ நான். என்கிட்ட ஏன் சொல்லல?"

"வீட்ல சண்ட வரும்னுதான் பாப்பா..."

"சண்டதானே? வந்திருக்கட்டுமே! ரெண்டு பேரையும் நல்லா நாலு கேள்வி கேட்டுட்டு என் வழிய நான் நடந்து போயிருப்பேனே."

ஸ்பேனர் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டார். போர்வையை விலக்கி, ஊரெல்லாம் நடந்து காய்த்துப்போன அந்த இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நெற்றியை அவற்றின்மேல் வைத்து, சத்தம் வெளியே வராமல் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"பேசறேன்ல, ஏதாவது சொல்லு" என்றாள் தங்கை, கூரையைப் பார்த்தபடி. "அண்ணே, இருக்கியா, போயிட்டியா?"