செய்தியில் அப்பாவின் துடிப்பு

அப்பாவின் முகத்தை மறைத்தது நான்தான். குரலை மாற்றியதும் நான்தான். இதழியல் மூன்றாம் வருட மாணவி இதைவிடக் கவனமாக இருக்க முடியாது என்று வகுப்பில் பீற்றிக்கொண்டு வேறு திரிந்தேன்.

எங்கள் கல்லூரி சேனலில் வாராவாரம் செய்தி வாசிப்போம். ஏப்ரல் வெயிலில் உழைப்பவர் படும் பாட்டை அவரவர் இதயமே சொல்லட்டும் என்பது என் யோசனை. பொறியியல் பிரிவிலிருந்து நஸ்ரின், துடிப்பை அளந்து போனுக்கு அனுப்பும் கைப்பட்டைகளைக் கொண்டுவந்தாள். பிம்ப்ரி பஸ் கண்டக்டர் ஒருவர் கட்டிக்கொண்டார், சாலை போடும் அக்கா ஒருவர் கட்டிக்கொண்டார். மூன்றாவது என் அப்பா பக்தவத்சலம். ஆகுர்டியில் இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் பதினோரு வருடமாக கான்ட்ராக்ட் வேலை. தீபாவளிக்குள் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் முகம் தெரியக்கூடாது என்று அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன்.

திரை முழுக்கச் சிவப்புக் கோடு. மதியம் இரண்டேகாலுக்கு நூற்று அறுபத்தெட்டில் போய் முட்டியது. நடுநடுவே துடிப்பு தப்பியது. "செம ஷாட்" என்று கைதட்டினோம். அது அப்பாவின் நெஞ்சு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

செய்தி வெளியான நான்காம் நாள், அப்பா காலை பத்து மணிக்கே சாப்பாட்டு டப்பாவோடு திரும்பி வந்தார்.

"சூப்பர்வைசர் கூப்பிட்டான். உன் தில் கம்ஜோர், இதயம் வீக்கு, உலை முன்னாடி நிக்க வைக்க முடியாது, நாளைலேர்ந்து வராதேன்னுட்டான். அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் புரியல."

பதிவை ஓட்டிப் பார்த்தேன். எந்தப் பட்டை யாருடையது என்று குழம்பாமலிருக்க, ஒவ்வொன்றுக்கும் கட்டியவர் பெயரையே நஸ்ரின் வைத்திருந்தாள். கோடு வரும்போதெல்லாம் மேல்மூலையில் பொடி எழுத்தில் அந்தப் பெயரும் வந்தது. ஒன்பது முறை பார்த்துப் பார்த்து எடிட் செய்தேன். என் கண் முகத்தைவிட்டு நகரவே இல்லை.

சொல்லிவிடலாம் என்று லேப்டாப்போடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே பார்த்துவிட்டார்.

"அட, என் பேரு!" முகமெல்லாம் சிரிப்பு. "அம்மு, இத என் போனுக்கு அனுப்பு. தளேகாவ் பேக்டரில ஆள் எடுக்கறாங்களாம். காட்டினா மதிப்பா இருக்கும்ல?"

"காட்டாதீங்கப்பா."

"ஏன்?"

சொன்னேன். அவர் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். கோடு உச்சிக்குப் போன இடத்தில் நிறுத்திப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாகிட்ட சொல்லாத. கம்பெனி டாக்டர் சோதிச்சதுல போச்சுன்னே இருக்கட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தேன்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்கப்பா."

"தளேகாவ்ல சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம்மா," என்றார். "அதுவரைக்கும் எந்த ஆஸ்பத்திரி சீட்டுலயும் என் பேரு வேணாம்."