டாக்டர் வீட்டுத் தகர டப்பா

நூலகத்தில் பட்டியல் எழுதும் அவளுக்கு, புத்தகம் வந்தால் கவலையில்லை. தலைப்பு, ஆசிரியர், பக்கம் என்று எழுதி, எண் போட்டு அலமாரியில் ஏற்றிவிடுவாள். ஆனால் காலமான டாக்டர் ஒருவரின் மகள், அப்பாவின் புத்தகங்களோடு அவர் அறையில் கிடந்த மூன்று சாமான் பெட்டிகளையும் அனுப்பிவிட்டார். எலும்பு அறுக்கும் ரம்பம், கண்ணாடிக் கண், மரத்தில் செதுக்கிய காது. காதுக்கு ஆசிரியர் யார் என்று எழுதுவது? தலைமை நூலகரிடம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அளவு, எடை, எதனால் ஆனது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதினால் போதும் என்றார்.

உள்ளே என்ன என்று பார்க்கப் போனதுதான் வினையாயிற்று.

இரண்டாவது பெட்டியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகர டப்பா இருந்தது. மூடி துருவேறி இறுகியிருந்தது. ஸ்பூன் காம்பைக் கொடுத்து நெம்பினாள். உள்ளே குட்டிக் குட்டிக் காகிதப் பொட்டலங்கள். ஒன்று கிழிந்து, பழுப்புத் துணுக்குகள் மடியில் சிந்தின. காய்ந்த பூவா, மரப்பட்டையா? விரலால் நசுக்கினாள், பொடிந்தது. முகர்ந்தாள், வாசனை இல்லை. ‘மூலிகையா?’ என்று எழுதி வைத்துவிட்டு, மடியைத் தட்டிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். கைக்குழந்தையை எடுத்துப் பால் கொடுத்தாள். கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினாள்.

திரும்பி வந்த பிறகும் சந்தேகம் தீரவில்லை. டாக்டரின் மகளுக்குப் போன் செய்து டப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

“அதத் தொறந்துட்டீங்களாம்மா?”

“தொறந்தாத்தானே மேடம் எழுத முடியும். என்ன மூலிகை அது?”

“மூலிகை இல்லம்மா. பெரியம்மை வந்தவங்க உடம்புலேர்ந்து உதிர்ந்த பொருக்கு. அப்பா அந்த நோயப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவரு. எங்கள அது பக்கத்துலயே விடமாட்டாரு. எப்பவோ எரிச்சிருப்பாருன்னு நெனச்சேன்.” பிறகு கேட்டார்: “உங்க தோள்ல அம்மை குத்தின தழும்பு இருக்கா?”

இல்லை. அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதென்று ஊசி போடுவதை நிறுத்திய பிறகு பிறந்தவள் அவள். கணவனும் அப்படித்தான். குழந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் பழுப்பாக ஒரு கோடு. இருந்த இடத்திலிருந்தே தலைமை நூலகரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

தலைமை நூலகருக்குத் தோளில் தழும்பு உண்டு. இருந்தும் வாசற்படியைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை. அங்கே நின்றபடியே சுகாதாரத் துறைக்குப் போன் செய்தார். முகமூடியும் கையுறையுமாக வந்தவர்கள் டப்பாவைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். அவளை மருத்துவமனையின் கடைசி அறையில் வைத்துப் பூட்டினார்கள். கணவனும் குழந்தையும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாதென்று உத்தரவாயிற்று.

மறுநாள் பால் கட்டி மார்பு கல்லாய்க் கனத்தது. பிழிந்து கழிப்பறையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது கணவன் அழைத்தான்.

“பாப்பாவுக்கு உடம்பு சுடுது.”

“கொப்புளம் இருக்கா? உள்ளங்கைய விரிச்சுப் பாருங்க. கால்லயும்.”

“ஒண்ணும் இல்ல. விடாம அழுவுறா.”

போனைக் குழந்தையின் காதில் வைக்கச் சொன்னாள். வைத்தான். அழுகை அடங்கும் வரை தன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

தொற்றியிருந்தாலும் ஒரே நாளில் காய்ச்சல் வராது என்று நர்ஸ் சொன்னார். புத்திக்கு விளங்கியது, மனம் கேட்கவில்லை. கண்ணை மூடினால் தான் கிள்ளிய கன்னமே வந்து நின்றது. கிள்ளியது எந்த விரல் என்று தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் ஒரு காலையில் சுகாதார அதிகாரி முகமூடி இல்லாமல் உள்ளே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு அழுகை வெடித்துவிட்டது.

“பெரியம்மைப் பொருக்குதான். ஆனா கிருமி எல்லாம் எப்பவோ செத்துப்போச்சு. நீங்க வீட்டுக்குப் போகலாம்.”

குழந்தைக்குப் பல் முளைத்த காய்ச்சல். கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு முனை. வீட்டு வாசலிலேயே கணவன் குழந்தையை நீட்டியும் அவள் உடனே வாங்கவில்லை. இரண்டு முறை குளித்துவிட்டு வந்தாள். குழந்தை அதற்குள் புட்டிப்பாலுக்குப் பழகியிருந்தது. மார்பில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாலை வரை கெஞ்சவேண்டியிருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று, மூன்றாவது பெட்டியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடவா என்று தலைமை நூலகர் கேட்டார்.

“வேற யாருக்கு சார் குடுப்பீங்க? அவங்க வீட்லயும் புள்ள குட்டி இருக்குமே.”

கையுறை மாட்டிக்கொண்டாள். பெட்டியில் கை வைக்கும் முன் டாக்டரின் மகளை அழைத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

“எனக்கே தெரியாதும்மா. அப்பா ஒட்டி வச்சது. அப்படியே அனுப்பிட்டேன்.”

மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, ஒட்டியிருந்த டேப்பின் மேல் கத்தியை வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீறினாள்.