அஷ்டமி பிஸ்கட்

மகேஸ்வரியின் ‘வாலாட்டி’ நாய் பிஸ்கட் பிறந்தது வேடசந்தூரில், அவள் மில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற நாட்களில். அங்கே சுற்றும் தெருநாய்களுக்காகக் கேழ்வரகு மாவில் கோழிக்கறித் தூளைக் கலந்து சுட்டு எடுத்துப்போவாள். கூட நின்ற பெண்கள் தங்கள் வீட்டு நாய்களுக்கும் கேட்டார்கள். பிறகு மில்லை விட்டு, பிஸ்கட் சுடவே கொட்டகை போட்டாள். பூனைகளுக்குக் கருவாட்டு உருண்டையும் வந்தது. கடைசியில் திண்டுக்கல்லில் ஹஸ்ஸான் தன் பிராணித் தீனிக் கடையின் முன்தட்டில் இடம் கொடுத்தார். “ஒரு புகார் வந்தாலும் எடுத்துருவேம்மா” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாவு பிசையும் கருப்பம்மாள் கறித்தூள் டிரம்மைத் திறந்ததும் தலையில் கை வைத்தாள்.

“ஏத்தா மகேசு, தூளு அம்புட்டும் அப்படியே கெடக்கு! திங்கக்கெழம நீ போடலயா?”

“நீங்க போட்டீகன்னுல்லக்கா நெனச்சேன்!”

திங்கட்கிழமை தேய்பிறை அஷ்டமி. தாடிக்கொம்பு பைரவருக்கு விளக்கேற்ற இருவருமே விரதம், கவுச்சியைத் தொடவில்லை. ஒருத்தி போட்டிருப்பாள் என்று மற்றவள் இருந்துவிட்டாள். கோழிப்படம் போட்ட முப்பது பாக்கெட்டும் கடைக்குப் போய்விட்டன.

“எந்த நாயி வந்து கேக்கப்போகுது? பேசாம இரு” என்றாள் கருப்பம்மாள்.

“பைரவருக்கு வெரதம் இருந்துட்டு, அவரு வாகனத்தையே ஏமாத்தவாக்கா?”

புதுப் பாக்கெட்டுகளோடு மகேஸ்வரி பஸ் ஏறினாள். விஷயத்தைக் கேட்டதும் ஹஸ்ஸான் முகம் சுண்டியது.

“ஒண்ணுதான் வித்திருக்கு, பின்தெரு செபாஸ்தியம்மாளுக்கு. போய் மாத்திக் குடு. அந்தம்மா மனசு கோணுச்சுன்னா முன்தட்ட மறந்துரு.”

கதவைத் திறந்த செபாஸ்தியம்மாளின் காலடியில் கிழட்டு நாய் ஒன்று படுத்திருந்தது. நடந்ததை மகேஸ்வரி மறைக்காமல் சொன்னாள்.

“மாத்தவா வந்த? தரமாட்டேன்” என்றார் அந்த அம்மாள். “எந்தத் தீனி போட்டாலும் ரோசிக்கு வயித்தால போகும். இதத் தின்ன மூணு நாளா ஒண்ணுமில்ல. ஏசப்பாதான் உன் கைய மறக்க வச்சிருக்காரு.”

மகேஸ்வரிக்குக் கண் நிறைந்தது. ரோசி அவள் விரலை நக்கியது.

அதைக் கேட்டதும், மிச்ச பாக்கெட்டுகளின் கோழிப்படத்தின்மேல் ஹஸ்ஸானே வெள்ளைத்தாள் ஒட்டி, ‘கறி இல்லை’ என்று எழுதி முன்தட்டில் அடுக்கினார். இப்போது மாதாமாதம் தேய்பிறை அஷ்டமியன்று கொட்டகையில் கறித்தூள் டிரம்மைத் திறப்பதில்லை. அன்று சுடும் பிஸ்கட்டுக்குப் பெயரே அஷ்டமிதான்.

மாதக் கடைசியானால் மகேஸ்வரிக்குத் தவறாமல் ஒரு போன் வரும்.

“பாப்பா, செபாஸ்தியம்மா பேசுறேன். அடுத்த அஷ்டமி என்னைக்கு?”