ஆள் இருக்கிற லைன்

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் ஆறாவது லைனில் ஆள் யாரும் குடியில்லை என்று அரசாங்கம் முடிவு கட்டிவிட்ட செய்தி ஷைலாவுக்கு ரயிலில்தான் தெரிந்தது. அதுவும் பொழுது விடியாத நேரத்தில், ஒரு கையில் கம்பியும் மறுகையில் சாப்பாட்டுப் பையுமாக அவள் நின்றுகொண்டிருந்தபோது.

சொன்னவள் ஜெனிட்டா. அதே லைன்காரி, பெங்களூரில் ஒரு துணிக்கடையில் வேலை, கையிலிருக்கும் போனில் உலகத்தையே நோண்டிப் பார்க்கிறவள். நகரசபைத் தேர்தல் வருகிறதே, எந்த பூத் என்று பார்க்கலாம் என்று வாக்காளர் பட்டியலைத் தேடியவளுக்குத் தன் பெயர் கிடைக்கவில்லை. ஷைலாவின் பெயரைத் தேடினாள். அதுவும் இல்லை.

"அக்கா, நம்ம லைனே இல்லக்கா. எல்லாரும் எடம் மாறிட்டாங்கன்னு போட்டுக்கிறான்."

"எங்கடி மாறிட்டோம்? தெனம் இந்த ரயில்ல போயி இந்த ரயில்லயே வந்துக்கினு கீறோம்."

தங்கம் தோண்டிய வரைக்கும் வேலை காலடியில் இருந்தது. சுரங்கத்தை மூடியதும் வேலை பெங்களூருக்குப் போய்விட்டது. அதைத் துரத்திக்கொண்டு ஊரில் பாதி விடியற்காலையில் ரயிலேறி, இருட்டிய பிறகு வந்து இறங்குகிறது. ஷைலா ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் துப்புரவுப் பெண்களுக்கு சூப்பர்வைசர். புருஷன் நோயல் லாரி டிரைவர். வாரத்தில் பாதி நாள் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது அவனுக்கே நிச்சயமில்லை. பகலில் ஆறாவது லைனுக்கு வருகிறவன் பூட்டுகளைத்தான் பார்ப்பான். அதற்காக ஆளே இல்லை என்று எழுதிவிடலாமா? எழுதிவிட்டார்கள்.

ஓட்டுதானே, போனால் போகட்டும் என்று விடுகிற சங்கதியும் இல்லை. லைனுக்குத் தண்ணீர் லாரி வருவதே தேர்தல் பயத்தில்தான். ஓட்டில்லாத லைனுக்கு எந்தக் கவுன்சிலர் லாரி அனுப்புவார்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. குடியிருப்பது மூடிப்போன கம்பெனியின் க்வார்ட்டர்ஸ். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிற வீட்டுக்குப் பட்டா கேட்டு லைன்காரர்கள் நடையாய் நடக்கிறார்கள். அங்கே யாருமே குடியில்லை என்று அரசாங்கக் காகிதமே சொன்னால், அப்புறம் யாருக்குப் பட்டா, எதற்குப் பட்டா?

மனோகர் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ராபர்ட்சன்பேட்டை தேர்தல் ஆபீசுக்குப் போய் விசாரித்து வந்தார். அவரும் அதே லைன்காரர், பெங்களூரில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர், ரயிலில் பஜனை கோஷ்டிக்குத் தலைவர், வாய்ச்சொல்லில் வீரர்; இந்த முறை காரியத்திலும் இறங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் லைன் கூடியது.

"நம்ம ஓட்டு அவங்களுக்கு உழாதுன்னு தெரிஞ்சவன் எவனோ செஞ்ச வேல. இந்த லைன்ல யாரும் இல்லன்னு மொத்தமா மனு குடுத்துக்கிறான். நோட்டீஸ் வந்திச்சாம், பூட்டுன வீட்டப் பாத்துட்டு திரும்பிப் போயிடுச்சாம். பக்கத்து வூட்டுக்காரங்களும் அதான் சொன்னாங்கன்னு எழுதி, கையெழுத்து வேற வாங்கிக்கிறான்."

"யாரு கையெழுத்து?"

மனோகர் பார்வதம்மாவின் வீட்டுப் பக்கம் திரும்பினார். பெயரைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. பகலில் அந்த லைனில் இருக்கிற ஒரே பெரிய மனுஷி அவர்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சுரங்கம் மூடிய நாளிலிருந்து ஆறாவது லைனுக்கு ஒரு சட்டம் உண்டு. கையில் காகிதத்தோடு வருகிறவனிடம் உண்மை பேசக் கூடாது. அளக்க வருவான், கணக்கெடுக்க வருவான், காலி செய் என்பான். யார் பேரைக் கேட்டாலும், "இல்ல, பெங்களூரு போயிட்டாங்க" என்று அனுப்பிவிட வேண்டும். பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது பாடம். ஷைலாவின் மகள் டீனா ஒருமுறை கூரியர்காரனையே அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அந்தச் சட்டத்தைப் பார்வதம்மா அளவுக்கு யாரும் காப்பாற்றியதில்லை.

"க்வார்ட்டர்ஸ் காலி பண்ண வந்தவன்னு நெனச்சிக்கினேன் கண்ணு. பைலு வச்சிக்கினு இருந்தான். ஒவ்வொரு பேரா கேட்டான். ஒவ்வொருத்தரா இல்லன்னேன்."

ஷைலாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "கையெழுத்து வேற போட்டீங்களா? இருக்கற வூட்ட விட்டே எங்கள தொரத்திட்டீங்களே பெரிம்மா! வாய வச்சிக்கினு சும்மா இருக்கக் கூடாதா?"

லைனே பார்த்துக்கொண்டிருக்க இப்படிச் சொல்லிவிட்டாள். பார்வதம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லைனில் எல்லாரும் விடிகாலையில் கிளம்பும்போது வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். தண்ணீர் வந்தால் அவர்தான் எல்லா வீட்டு டிரம்மையும் நிரப்புவார். சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிடுவார். மறுநாள் காலையில் ஷைலா சாவியைத் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு ரயிலுக்கு நடந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

அந்த வாரம் ரயிலே ஆபீசாகிவிட்டது. மனோகர் பஜனைக்கு விடுமுறை விட்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெட்டி மாறி ஏறி, "ஸ்கெலட்டன்காரங்க, கோரமண்டல்காரங்க, பேரு இருக்குதான்னு பாத்தீங்களா?" என்று தாளத்தை மட்டும் விடாமல் கூவினார். பக்கத்துக் குடியிருப்பான கோரமண்டலிலும் சில வீடுகளுக்கு இதே கதிதான். ஜெனிட்டா சாப்பாட்டு டப்பாவை மடியில் கவிழ்த்து வைத்து அதன்மேல் விண்ணப்பம் எழுதினாள். உட்கார இடம் கொடுத்தவர்கள், பேனா கொடுத்தவர்கள், கன்னடத்தில் பிழை திருத்திக் கொடுத்தவர்கள் என்று முகம் மட்டுமே தெரிந்த எத்தனையோ பேர். ஒரு தெலுங்குக்கார அம்மாள் தன் கடையிலேயே எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துத் தந்தார். இத்தனை வருஷம் இடத்துக்குச் சண்டை போட்ட ஜனங்களா இவர்கள் என்று ஷைலாவுக்கு ஆச்சரியம்.

விசாரணை அடுத்த வாரம் புதன்கிழமை பகலில் என்று வந்தது. எல்லாரும் நேரில் வர வேண்டுமாம். எல்லாரும் லீவு போட்டால் எல்லாருக்கும் வேலை போகும். சுரங்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஷிப்ட். பாதிப் பேர் காலையில் ஆபீசுக்குப் போய்விட்டு மதிய ரயிலைப் பிடிப்பது, மீதிப் பேர் அரை நாள் வேலை பார்த்துவிட்டு வந்து சேருவது. "நீங்க போங்கக்கா, உங்க ஃப்ளோர நாங்க பாத்துக்கறோம்" என்று ஷைலாவின் கீழ் வேலை செய்கிற பெண்களே சொன்னார்கள். அவர்களை எத்தனை நாள் விரட்டியிருப்பாள்!

எல்லாம் சரி, மனோகர் கொண்டுவந்த கடைசிச் செய்திதான் சரியில்லை. அன்றைக்கு வாக்குமூலம் கொடுத்தவரே வந்து அதைத் திரும்ப வாங்கினால் ஒழிய இந்த விண்ணப்பங்கள் நிற்காது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். சொல்லிவிட்டு மனோகர் ஷைலாவைப் பார்த்தார். ஜெனிட்டாவும் அவளைத்தான் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ஷைலா வீடு திரும்பியபோது டீனா பையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பசிக்குதாடி?"

"இல்லம்மா. பெரிம்மா ஜன்னல் வழியா உப்புமா குடுத்தாங்க. தெனம் குடுக்கறாங்க."

ஷைலாவுக்குத் தன்மேலேயே வெட்கமாகிவிட்டது. நேரே போய்ப் பார்வதம்மாவின் ஜன்னலடியில் நின்றாள்.

"பெரிம்மா, நாளைக்கு ஆபீசுக்கு வரணுமாம்."

உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "பொய் சொன்னேன்னு புடிச்சி உள்ள போட்டுட்டா? பென்ஷன நிறுத்திட்டா இன்னா பண்றது? எங்க வூட்டு மனுஷன் சொரங்கத்து ஷாப்ட்ல ஒழைச்சி உட்டுட்டுப் போன காசு அது."

 பயப்படாதீங்க என்று வாயால் சொல்வது சுலபம். சொல்கிறவளுக்கு என்ன போகிறது?

"வர்றதும் வராததும் உங்க இஷ்டம் பெரிம்மா. நான் பேசுனது தப்பு. சாவிய மட்டும் வாங்கிக்கோங்க" என்று ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்தாள். விடிந்து பார்த்தபோது அந்த ஜன்னல் கட்டையில் இடமே இல்லை. லைன் முழுக்க வந்து சாவியை வைத்துவிட்டுப் போயிருந்தது.

ராபர்ட்சன்பேட்டை ஆபீஸ் வராந்தாவில் நிற்க இடமில்லை. அதிகாரி நடுத்தர வயதுக்காரர், கன்னடத்தில் பேசினார், அதட்டவில்லை. காகிதத்தைப் புரட்டி, "பார்வதம்மா யாரு?" என்றார். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். இரண்டாம் முறை கேட்டார். பிறகு, தம்மால் என்ன செய்ய முடியும் என்கிற மாதிரி பைலை மூடினார்.

"இருங்க சார், இருங்க!"

ஆட்டோவிலிருந்து இறங்கிய வேகத்தில் மூச்சு வாங்க, பார்வதம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையிலிருந்த காய்கறிப் பையை அதிகாரியின் மேசைமேல் கவிழ்த்தார். சாவிகள் கொட்டின. ஒவ்வொன்றிலும் ஒரு கலர் துணி கட்டியிருந்தது.

"இது ஜெனிட்டா வூடு. இது மனோகரு. நீலத்துணி ஷைலா. ஊர உட்டுப் போனவன் தெனம் காலைல பக்கத்து வூட்ல சாவி குடுத்துட்டுப் போவானா சார்? நான் சொன்னது பொய். எல்லாரும் இருக்காங்க. என்னப் புடிச்சிப் போடறதுன்னா போடுங்க. இவங்க பேர எழுதிட்டுப் போடுங்க."

அதிகாரி சாவிக் குவியலைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை, உட்காருங்கள்" என்றார். புது வாக்குமூலத்தை எழுதச் சொல்லிவிட்டு, பழைய காகிதத்தை முதல் பெயரிலிருந்து தாமே படிக்க ஆரம்பித்தார். கடைசி வரியில் அவர் விரல் நின்றது. வெட்டப்பட்ட பெயர்களில் கடைசிப் பெயர் பார்வதம்மா. லைனில் இல்லை என்று வெட்டப்பட்டவரிடமே லைன்காரர் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அத்தனை அவசரம்.

"உங்கள் பெயரும் இல்லையே அம்மா. நீங்கள் விண்ணப்பம் போடவில்லையா?"

"கடைசில என் பேரையும் கேட்டான் சார். அந்தம்மாவும் பெங்களூரு போயிடுச்சின்னேன்." தலையைக் குனிந்துகொண்டார். "இவங்களுக்கு வந்தாப் போதும். எனக்கு எதுக்கு?"

இத்தனை நாள் மடியில் டப்பாவைக் கவிழ்த்து ஊருக்கெல்லாம் எழுதினார்களே, இவருக்கு எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜெனிட்டா அவசரமாகப் பையைத் துழாவினாள். அதிகாரியே ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்து, "இவர் அந்த லைனில் குடியிருக்கிறார் என்று யார் சொல்வது?" என்றார்.

ஷைலா முன்னால் வந்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"நான் சொல்றேன் சார். நாங்கல்லாம் காலைல போயிட்டு ராத்திரி வர்றவங்க. நெஜமாவே லைன்ல இருக்கறது இவங்க ஒருத்தர்தான். இவங்க இருக்கறதாலதான் எங்களுக்கு அது வூடு."

"ஆய்த்து," என்றார் அதிகாரி. முடிந்தது, எல்லாப் பெயரும் திரும்ப வரும் என்று மனோகர் வெளியே நின்றவர்களுக்குக் கூவினார். ஷைலா பேனாவை எடுத்துப் பார்வதம்மாவின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். நன்றி என்று சொல்லிப் பழக்கமில்லாத லைன் அது. அவள் பார்வதம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி பெரிம்மா" என்றாள்.

"அதெல்லாம் அப்புறம் சொல்லு. கைய உடு" என்று பார்வதம்மா சாவிகளை அள்ளிப் பையில் போட்டார். "ஸ்கூல் உட்டுட்டாங்கன்னா பிள்ளைங்க வெளியில நிக்கும்."