கோணலா இருக்கு

மொய்ரா அப்பாவைத் தன் பக்கமாகப் புரட்டி, நனைந்த டயப்பரை உருவினாள். மறுபடியும் அந்த முனகல் வந்தது. இடது கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"வலிக்குதாப்பா?"

ஆம்ப்ரோஸ் கண்ணை மூடவில்லை. மூடினால்தான் ஆமாம். பக்கவாதம் வந்த பிறகு இமைகள் மட்டுமே அவர் பேச்சுக்கு மிச்சம்.

நர்ஸ் டோனாவுக்குப் போன் போட்டாள். டோனா டொரன்டோக்காரி, நியூஃபவுண்ட்லாந்துக்குப் புதிது.

"வலின்னா ஒரு மருந்து, பயம்னா வேற மருந்து. தெரியாம எதைக் குடுக்கிறது? ஒவ்வொரு சொல்லா அவர்கிட்டயே கேட்டுப் பாருங்க."

"எங்கப்பாகிட்ட அவ்வளவு சொல் கிடையாதுங்க. மனசு சரியில்லன்னா கோணலா இருக்கும்பார். ரொம்ப முத்திட்டா விஷம் ஏறிடுச்சும்பார்."

"விஷமா?"

"ஐயோ, அது எங்க ஊர்ப் பேச்சு."

கூடப் பிறந்த தம்பியைக் கடல் கொண்டுபோனபோது அவருக்குக் கோணலாக இருந்தது. காட் மீன் பிடிக்க அரசாங்கம் தடை போட்டபோது விஷம் ஏறியது. படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை.

மொய்ராவுக்கோ சொற்கள்தான் பிழைப்பு. கால்கரியில் ஒரு பள்ளிக்கூடத்தில், மனசுக்குள் குமைவதை வாய்விட்டுச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிறாள். 'அப்செட்' என்று சொல்லும் பிள்ளையை அவள் அதோடு விடமாட்டாள். கோபமா, ஏமாற்றமா, பொறாமையா என்று துருவுவாள். இப்போது கட்டிலருகே உட்கார்ந்து, இங்கிலீஷில் இருக்கும் கெட்ட உணர்ச்சிகளை எல்லாம் அப்பாவின் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"பயமா? துக்கமா? யார் மேலயாவது கோபமா?"

கண்கள் திறந்தே இருந்தன.

"சலிப்பான்னு கேளு," சமையலறையிலிருந்து அம்மா வெரோனிகா குரல் கொடுத்தாள். "எனக்கே சலிச்சுப் போச்சு."

"தனியா இருக்கிற மாதிரி இருக்கா? குற்ற உணர்ச்சியா?"

இல்லை. பார்வை மட்டும் கீழே போனது. பாதி விலகியிருந்த போர்வையில் நின்றது. அதைப் பிடித்திருந்த அவள் கையில் நின்றது.

மொய்ரா கையை எடுத்தாள்.

"கூச்சமாப்பா?"

இமைகள் மூடின. திறக்கவில்லை.

"நான் இதெல்லாம் பண்றதாலயா?"

இன்னும் இறுக்கிக்கொண்டன.

போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டு வெளியே வந்தாள். "நீங்க போய் முடிச்சிருங்கம்மா."

"என் கைநடுக்கம் உனக்குத் தெரியாதா?"

"நான் செஞ்சா அவருக்குக் கூச்சமா இருக்காம்."

வெரோனிகா அடுப்பை அணைத்தாள். "கல்யாணமான புதுசுல விளக்கை அணைக்காம சட்டையைக் கழட்டமாட்டார். அந்த ஆள்தானே." உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தாள். "ஏய்யா, பெத்த பொண்ணுகிட்ட என்னய்யா? சரி சரி, நான்தான், பாரு."

முனகல் நின்றது.

மருந்து வேண்டாம் என்று டோனாவிடம் சொன்னாள் மொய்ரா. என்னவாம் என்று டோனா கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, கோணலா இருந்தாராம்" என்றாள்.

கடைசி மூச்சின்போது கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் லீவு போட்டு வந்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் மூச்சு மாறியது. சுவருக்கு இந்தப் பக்கமே கேட்டது, இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. ஒவ்வொரு முறை நின்றபோதும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"மொய்ராவைக் கூப்பிடட்டுமாய்யா?" உள்ளே அம்மா கேட்பது காதில் விழுந்தது.

காத்திருந்தாள். அம்மா கூப்பிடவில்லை.

பிறகு இழுப்பு வரவேயில்லை. அறைக்குள் அலமாரி திறக்கும் சத்தம், ஈரத்துணி பிழியும் சத்தம். வெகுநேரம் கழித்து வெரோனிகா ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"துடைச்சு, சட்டை மாட்டிட்டேன். பித்தான் எல்லாம் போட்டாச்சு. இப்ப நீ போலாம், கண்ணு."

கதவு பாதி திறந்துதான் இருந்தது. மொய்ரா விரலை மடக்கி மெதுவாகத் தட்டினாள். கொஞ்சம் நின்றாள். பிறகுதான் உள்ளே போனாள்.