ஹாமரில் ஒரு செம்பு

தம்பி நிமலன் நோர்வேயில் இறந்து முப்பத்தொரு நாள் கடந்தும் சாம்பல் கரைக்கப்படவில்லை. என் வரவுக்காக அவனுடைய மனைவி மேரிஜோசப்பின் காத்திருந்தாள். நெடுந்தீவிலிருந்து புறப்படும்போது எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். சாம்பலை அதில் கொண்டுவந்து கீரிமலைக் கடலில் கரைப்பது மூத்தவனாகிய என் கடமை.

ஹாமர் நகரம் மியோசா என்ற பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. தம்பி வீட்டு யன்னலுக்கு வெளியே கடல்போலத் தண்ணீர். ஆனால் உப்பு மணம் இல்லை.

"குடியுங்கோ அண்ணை. குழாய்த் தண்ணி. இந்த ஏரியில இருந்துதான் வாறது" என்று மேரிஜோசப்பின் ஒரு கிளாசை முன்னே வைத்தாள்.

விமான நிலையத்தில் வாங்கிய போத்தலைக் காட்டினேன். கடற்கரைச் சாதிக்காரரான அவளுடைய ஆட்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பது எங்கள் குடும்ப வழக்கமில்லை.

"அந்தப் போத்திலை அடைச்சவன் ஆரெண்டு விசாரிச்சனீங்களே?" என்று கேட்டாள்.

நான் பெட்டியைத் திறந்து செம்பை எடுத்து மேசையில் வைத்தேன். "தம்பியைத் தந்தால் நாளைக்கே வெளிக்கிடுவன்."

அவள் ஒரு கடதாசியை எடுத்து வந்தாள். "இந்த ஏரியில கரைக்கச் சொல்லி எழுதி வைச்சவர். அரசாங்க அனுமதியும் வந்திட்டுது. ஆனா அண்ணையைக் கேளாமல் செய்யவேண்டாமெண்டும் எழுதியிருக்கு. நீங்கள் ஏலாதெண்டால் நான் மறிக்கமாட்டன்."

"ஊர் குடிக்கிற தண்ணியிலயோ?"

"நானும் அதைத்தான் கேட்டனான். எல்லாரும் அள்ளுற தண்ணி, அதுதான் கேக்கிறன் எண்டார்."

அவள் குத்திப் பேசவில்லை. ஆனாலும் எனக்கு விளங்கியது. எண்பத்தைந்தில் மழை பொய்த்தபோது எங்கள் வளவுக் கிணற்றில் மட்டுமே நல்ல தண்ணீர் இருந்தது. கடற்கரைச் சனம் வேலிக்கு வெளியே குடத்துடன் நிற்கும். எங்கள் ஆட்கள் அள்ளி ஊற்றினால்தான் உண்டு. ஒருநாள் தம்பி இவளுடைய தாய் சூசையம்மாவை உள்ளே கூப்பிட்டு, அவள் கையாலேயே அள்ளவிட்டான். நான் அந்தக் குடத்தை வாங்கி மண்ணில் கவிழ்த்தேன். அவள் வெறுங்குடத்தோடு போனாள். அந்தக் கிழமையே தம்பி வீட்டை விட்டு வெளியேறினான். பிறகு அவன் அந்த வளவுக்கு வரவேயில்லை.

ஏரியிலேயே கரைப்போம் என்றேன். மறுநாள் காலை படகில் நடு ஏரிக்குப் போனோம். சாம்பலைச் செம்பில் இட்டு, தேவாரம் சொல்லி, மூத்தவனாக நானே கரைத்தேன். மேரி சிலுவைக் குறி போட்டாள். ஊரில் கேட்பவர்களுக்கு, நான்தான் கரைத்தேன் என்று சொல்வேன். எங்கே என்றும் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து முழுகிவிட்டுக் கதிரையில் இருந்தேன். மேசையில் என் போத்தல் பாதி நிறைந்திருந்தது.

"உம்மட அம்மா இருக்கிறாவோ?"

"இல்லை அண்ணை. ஆறு வருசம்."

போத்தலை ஒரு பக்கம் தள்ளி வைத்தேன்.

"கொஞ்சம் தண்ணி தாரும், மேரி."

அவள் குசினிக்குப் போனாள். குழாய் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. கிளாசைக் கையில் தந்துவிட்டு அவள் போகாமல் நின்றாள். முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொரு தரமும் கேட்டேன்.